முப்பத்தைந்தில் ஒரு பங்கு

வழுக்கைத் தலையன் நான்
ஹேர்ஸ்பிரே வாங்குகிறேன்.
கடைக்காரி என் தலையைப் பார்க்கிறாள்,
டப்பாவைப் பார்க்கிறாள்,
சில்லறையை ரொம்ப மரியாதையாக எண்ணித் தருகிறாள்.
டாங்கிக்கு என்று சொன்னால் இன்னும் மோசம்.

துருவின் மேல் ஹேர்ஸ்பிரே,
அதன் மேல் பச்சை.
ஈரத் தூரிகையால் தேய்த்தால்
பச்சை உரிந்து துரு எட்டிப் பார்க்கும்.
இருபது வருடப் பழசு
இருபது நிமிடத்தில்.

பகல் முழுதும் ஆஸ்த்ராவாவில்
முப்பது டன் டிராம் ஓட்டுகிறேன்.
வியாழன் இரவு
தீயணைப்பு நிலையத்தின் நிலவறையில்
உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்க்கிறேன்
நாற்பது டன்னை.

லுபோர் பல் மருத்துவர்.
வேலைக்காகாத கொக்கி ஊசிகளால்
பீரங்கிக் குழாயின் ஒட்டுத் தழும்பைச் சுரண்டுவார்.
"வலிச்சா கையைத் தூக்கு" என்பார் டாங்கியிடம்.
ஒவ்வொரு வாரமும் அதே ஜோக்.
ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் சிரித்துத் தொலைக்கிறோம்.

செனெக் உருக்காலைக்காரன்.
சங்கிலிக்குப் பக்கத்துக்குத் தொண்ணூறு கண்ணி,
ஒவ்வொன்றாய்க் கோத்து வந்தவன்
எண்பத்தெட்டில் தும்மினான்.
அன்று அவன் பேசிய செக் மொழி
எந்த அகராதியிலும் இல்லை.

ராதிம் இரண்டு மாதம் வராமலிருந்தான்,
ஒரு பச்சைக்காக.
பாசியா ஆலிவா என்று முற்றிய பேச்சு
அவன் மைத்துனன்வரை போய்த் திரும்பியது.

மிரோஸ்லாவா வந்தது பிப்ரவரியில்.
கார்கிவ்காரி. அதிகாலையில் பேக்கரி வேலை,
நகக்கண்ணில் மாவு.
மேசையோரம் உட்கார்ந்தாள்.
எங்களைப் போலில்லாமல்
பசைப் புட்டியை உடனுக்குடன் மூடினாள்.

அன்றைய சண்டை:
எரிந்த டாங்கிக்கு என்ன நிறம்?
"கறுப்புதான், புகை படியாதா?" லுபோர்.
"கரும்பழுப்பு. இரும்பைப் பத்தி எனக்கா சொல்றே?" செனெக்.
ராதிம் புத்தகத்தைப் புரட்டினான்.
எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள்.

"முதல் நாள் வெளுப்பு" என்றாள்.
தட்டுத் தடுமாறும் அவள் செக்
இதில் மட்டும் தடுக்கவில்லை.
"சாம்பல் வெளுப்பு. மழை பெஞ்ச பிறகு ஆரஞ்சு,
கேரட் மாதிரி.
ரப்பர் இருந்த இடம் மட்டும் கறுப்பு.
கீழே தார் உருகியிருக்கும். அதையும் செய்யணும்."

மேலே ஒரு வண்டி சைரனோடு கிளம்பியது.
அவள் தூரிகை நின்றது.
பிறகு போனது.

எப்படித் தெரியும் என்று கேட்க
அங்கே ஒரு முட்டாளும் இல்லை.
இருந்தான். நான்தான்.
வாயைத் திறந்துவிட்டு
"காபி?" என்று முடித்தேன்.

மூன்று மாதமாய் அவள் செய்கிறாள்.
எண் இல்லை, கொடி இல்லை,
யாருடையது என்று தெரியாதபடி வெளுத்த ஒரு டாங்கி.
மூடிகள் எல்லாம் திறந்தபடி:
ஓட்டுநருடையது, கமாண்டருடையது,
கவிழ்த்தால் ஒழியக் கண்ணில் படாத
அடிவயிற்று மூடியும்கூட.
"ஆட்கள் வைக்கலையா?" என்றான் ராதிம்.
"இறங்கிட்டாங்க."
யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

நேற்று அந்த அடிமூடியின் கைப்பிடி,
வெட்டிய நகத்தில் பாதி இருக்கும்,
இடுக்கியிலிருந்து தெறித்தது.
யாரோ வீட்டில் கழித்துக்கட்டிய கம்பளம்
அதை விழுங்கிக்கொண்டது.

ஐந்து பேரும் மண்டியிட்டோம்
கைபேசி வெளிச்சத்தோடு.
லுபோரின் முழங்கால் சொடுக்கியது.
கிடைத்தவை:
போன வருடத்து ஆண்டெனா,
பெயர் தெரியாத சிப்பாயின் இடது கை,
காய்ந்த ஒரு சொட்டுப் பச்சை.
"பாசி" என்றான் செனெக்.
"ஆலிவ்" என்றான் ராதிம், தலை நிமிராமல்.

செம்புக் கம்பியை வளைத்தால்
இரண்டே நிமிடத்தில் வேறு செய்துவிடலாம்.
எல்லோருக்கும் தெரியும்.
யாரும் எழுந்திருக்கவில்லை.
மணி பதினொன்றைத் தொட்டது.
கடைசி டிராமில் இன்று ஸ்பினெக்.
சொல்லிவைத்தால்
கொஞ்சம் நிறுத்தி எடுப்பான்.